பச்சை அடிக்காத மிஷின்

எங்கள் வீட்டில் ‘நம்முது’ என்ற சொல்லுக்கு ஆயுசு மூன்று மாதம். இழுத்துப் பிடித்தால் நான்கு.

அப்பா பழைய மர மிஷின் வியாபாரி. வியாபாரி என்றால் அவருக்குப் பிடிக்காது, ரிப்பேர்க்காரர் என்றாலும் முகம் சுருங்கும். “வாங்கி, ஓட வெச்சி, குடுக்கறவன்” என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வார். ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூர் ஓரம் என்று எங்கே ஒரு மரப்பட்டறையை மூடுகிறார்களோ அங்கே போய் நிற்பார். துருப்பிடித்து, எலி குடும்பம் நடத்தி, சுவிட்சைப் போட்டால் அழுகிற மாதிரி சத்தம் போடும் ஏதாவது ஒன்றைக் குட்டி லாரியில் ஏற்றி, காரிமங்கலத்துக்கு வெளியே இருந்த எங்கள் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவருவார். மரம் அறுக்கும் மிஷின், துளை போடும் மிஷின், பலகை இழைக்கும் மிஷின் என்று எதுவாகவும் இருக்கும். மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, சுரண்டி, பேரிங் மாற்றி, கத்தி தீட்டி, கடைசியில் பச்சை பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்துவார். பாலக்கோடு, பென்னாகரம், அரூர்ப் பக்கத்திலிருந்து கதவு ஜன்னல் செய்கிற ஆசாரிகள் வந்து வாங்கிப்போவார்கள்.

வருகிறவற்றில் எப்போதாவது நல்லதாக ஒன்று அமையும். அதைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, அப்பா சொல்வார்: “இது நம்முது. இத விக்கறதில்ல.”

அம்மா சோற்றை வடித்துக்கொண்டே கேட்பார், “எத்தன நாளைக்கி?”

அப்பாவுக்கு ஓர் ஆசை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவரும் கதவு செய்தவர்தான். சொந்தமாக ஒரு நல்ல இழைப்பு மிஷின் வைத்துக்கொண்டு, ஊர் ஊராக இரும்பைத் தூக்கி அலையாமல், ஓர் இடத்தில் நின்று மறுபடி கதவு செய்யவேண்டும். “ஒரே எடத்துல நின்னு செத்த நேரம் மரத்தப் பாக்கணும்” என்பார். அவ்வளவுதான் ஆசை. அதைச் சொல்லும்போது இடுப்பின் பின்பக்கம் ஒரு கையை வைத்துக்கொள்வார். லாரியிலிருந்து இறக்கும்போது ஒருமுறை பிடித்துக்கொண்ட இடுப்பு, பிறகு விடவே இல்லை. அப்போது அவருக்கு நாற்பது ஆகவில்லை. நடையைப் பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. பகலில் பாதி நேரம் கரண்டு இருக்காது. எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்டு இல்லாத ஊரில் மிஷினை வாங்கி யார் என்ன செய்வார்கள்? கொட்டகையில் ஐந்து பச்சை மிஷின்கள் வரிசையாக நின்றன. என் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவுக்கு உதவியாக இருந்தவர். அவர் அந்த வரிசைக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, “மச்சான், இதுங்களுக்கு ரேஷன் கார்டு ஒண்ணு எடுத்துருவோம். அஞ்சு உருப்படி இருக்குது” என்பார். அப்பா சிரிக்கமாட்டார். அந்த மாதம்தான் அம்மா மாங்கூழ் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தார். மாங்காய்ப் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து, தோல் உரிந்து, சாயங்காலம் வந்ததும் இரண்டு கையையும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்த நாட்களில் வீட்டில் எப்போதும் மாம்பழ வாசனை வருவது பிடித்திருந்தது.

அப்படி ஒன்றும் விற்காமல் கிடந்த நேரத்தில்தான் அப்பா போய் இன்னொன்றை வாங்கினார். ஓசூர் தாண்டி ஒரு கிராமத்தில் பட்டறையை மூடுகிறார்கள் என்று தகவல் வந்தது. “சும்மா பாத்துட்டு வரேன்” என்று கிளம்பினார். லாரியோடு யாராவது சும்மா பார்த்துவிட்டு வரக் கிளம்புவார்களா என்று அம்மா கேட்டார். லீவு என்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

அங்கே ஓர் இழைப்பு மிஷின் இருந்தது. மேலே மூட்டை மூட்டையாகத் தீவனம் அடுக்கியிருந்தார்கள். அப்பா மூட்டைகளை நகர்த்தி, சட்டைத் துணியாலேயே தூசியைத் துடைத்து, மிஷினின் நீண்ட இரும்பு மேசை மீது உள்ளங்கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி. மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா மெல்ல, “சரி, போச்சு. நம்முது” என்றார்.

விற்றது ஒரு பெண். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மிஷினை லாரியில் ஏற்றப்போகும்போது அவர் வந்து கையை நீட்டினார். “பெல்ட்டு பேடாங்க. அது இங்கயே இருக்கட்டும்.”

எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்களிடம் மிஷின் விற்கிற எல்லாரும் அப்படித்தான். மோட்டாரிலிருந்து மிஷினுக்குச் சுற்றை இழுத்துப் போகிற அந்த ரப்பர் பெல்ட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் சந்தையில் மாடு விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து மாற்றிக்கொள்ளவேண்டும், பழைய கயிறு விற்றவர் வீட்டுக்கே திரும்பிவிடும். கயிறு போனால் அதோடு லட்சுமியும் போய்விடுவாள் என்பது கணக்கு. மாடு போய் மிஷின் வந்த வீடுகளில் அந்த வழக்கம் பெல்ட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பாவும் மறுக்கமாட்டார், போகும்போதே புது பெல்ட் ஒன்று வாங்கி வைத்திருப்பார்.

ஆனால் அந்தப் பெண், மற்றவர்களைப் போல அதை ஆணியில் மாட்டவில்லை. மடித்து, மடியில் வைத்து, முந்தானையை அதன் மேல் போட்டு மூடிக்கொண்டார். பால் குடிக்கிற குழந்தையை மூடுவது போல. நான் வாய் பிளந்து பார்த்திருக்கவேண்டும். என்னைப் பார்த்து, “மிஷினு போவலாம் கண்ணு. அது சம்பாரிச்சிக் குடுத்தது போவக்கூடாது” என்றார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து, சூளகிரி தாண்டியதும் அப்பாவிடம் கேட்டேன்: “நாம விக்கறப்ப மட்டும் ஏன் பெல்ட்டோட குடுத்துடறோம்?”

“ஓடுற மிஷின்னு சொல்லிக் குடுக்கறோம் கண்ணு. ஓடணுமில்ல?”

“வாங்கறவங்கதான புதுக் கயிறு கொண்டாரணும்?”

மாமாதான் சிரித்துக்கொண்டே சொன்னார், “கேக்குறா பாருங்க மச்சான். எல்லார் வூட்டு லட்சுமியையும் அங்கங்க எறக்கி வுட்டுட்டு, நம்ம வூட்டுதயும் பெயிண்ட் அடிச்சி ஏத்தி வுடுறோம்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவின் கை ஏன் வெந்துபோகிறது, அப்பாவின் இடுப்பு ஏன் வலிக்கிறது, ‘நம்முது’ ஏன் மூன்று மாதத்தில் செத்துப்போகிறது என்ற எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். நாங்கள் கயிறு இல்லாமல் வாங்குகிறோம், கயிற்றோடு விற்கிறோம். பெரியவர்களுக்கு ஏன் இது இத்தனை நாள் தெரியவில்லை என்றுதான் புரியவில்லை.

அந்த மிஷினை அப்பா இரண்டு மாதம் பார்த்தார். வேறு வேலையும் இல்லை. தனித்தனியாகக் கழற்றி, சின்னச் சாமான்களை என்னிடம் கொடுப்பார். ஆணி, நட்டு, வாஷர், திருகு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பது என் வேலை. டப்பாவுக்கு நான்தான் பொறுப்பு. அப்பாவிடம் வாங்கிய மிஷினில் ஒரு வாஷர் குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை, அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அந்த டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். சதுரமாக, என் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் எஃகுத் துண்டு. “இதுக்குப் பேரு கீ. மோட்டார் தண்டுலயும் ஒரு பள்ளம் இருக்குது, புல்லிச் சக்கரத்துலயும் ஒரு பள்ளம் இருக்குது. ரெண்டுக்கும் நடுவுல இத அடிச்சிட்டா ரெண்டும் ஒண்ணாச் சுத்தும். இது இல்லன்னா மோட்டார் பாட்டுக்குச் சுத்தும், சக்கரம் சும்மா கெடக்கும். இத்தாம் பெரிய மிஷின இழுக்கறது யாரு? இவன்தான்.”

அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். லட்சுமி என்று ஒருத்தி மிஷினில் இருந்தால் பெல்ட்டில் இருக்கமாட்டாள், இதில்தான் இருப்பாள் என்று அப்போதே பட்டது. நாங்கள் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். கொட்டகையில் மாட்டியிருந்தது சூசையப்பர் படம். அவரும் தச்சர்தானே என்று அப்பா மாட்டியது. சூசையப்பர் இருக்கிற கொட்டகையில் லட்சுமியைப் பற்றி யோசிக்கலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இருவருக்கும் தனித்தனி வேலை என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம், கரண்டு வந்த நேரமாகப் பார்த்து, அப்பா மிஷினை ஓட்டினார். மேசையின் மீது ஒரு ரூபாய்க் காசைச் செங்குத்தாக நிறுத்தினார். இது அவருடைய பரீட்சை. மிஷினில் கொஞ்சம் நடுக்கம் இருந்தாலும் காசு விழுந்துவிடும். காசு நின்றது. மாமா போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அப்போதும் நின்றது. அம்மா கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் அப்பா பெயிண்ட் வாங்கி வந்தார். பச்சை இல்லை, சந்தனக் கலர். விற்கிற மிஷினுக்குத்தான் பச்சை.

“பச்ச அடிக்கலன்னா யாரும் கேக்கமாட்டாங்களாக்கும்” என்றார் அம்மா.

“கேக்கட்டும். விக்கறதில்லன்னு சொல்லிடுவேன்.”

கேட்டது தீர்த்தமலைப் பக்கத்து ஆசாரி ஒருவர். கோவில் வேலை ஏதோ பிடித்திருந்தார். சொந்தமாக ஜெனரேட்டர் வைத்திருந்தார், அதனால் கரண்டைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஐந்து பச்சை மிஷின்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சந்தன மிஷினுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். அதே மாதிரி உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தார்.

“இது விக்கறதுக்கு இல்லீங்க” என்றார் அப்பா.

“செரிங்க” என்று போய்விட்டார் அவர். அடுத்த வாரம் மறுபடி வந்தார். அப்பா மறுபடி அதையே சொன்னார். ஆனால் இந்த முறை சொல்லும்போது அம்மா உள்ளே கைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கொட்டகையிலிருந்து தெரிந்தது. அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆசாரியிடம் திரும்பி, “எப்ப எடுத்துக்கறீங்க?” என்றார்.

மாமா கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனார். அம்மாவுக்குத் தெரிந்ததும், “நான் கேட்டனா?” என்று மட்டும் கேட்டார்.

ஆசாரி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் ஓட்டிக் காட்டிவிடவேண்டும். பூசை முடிந்து வந்ததும் லாரி வந்து நின்றது. மோட்டாரைத் தனியாகக் கழற்றி, புல்லியை உருவி, கீயைத் தட்டி எடுத்து, எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பா கை கழுவப் போனார். தொட்டிக்குப் பக்கத்து வேப்பமரத்தில் சவரம் செய்கிற கண்ணாடி மாட்டியிருக்கும். அதற்கு முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம் இருந்தது. மாமா லாரியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

இதுதான் சமயம். டப்பாவைத் திறந்தேன், கீயை எடுத்தேன், ஓடிப்போய்ச் சூசையப்பர் படத்துக்குப் பின்னால், சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் செருகினேன். ஒரே மூச்சில் திரும்பி வந்து லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். டப்பா மடியில்.

எல்லாம் ஏற்றிய பிறகு அப்பா, “இரு, வரேன்” என்று கொட்டகைக்குள் போனார். உள்ளே இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது. கிரீச் கிரீச்சென்று ஒரு ஐந்து நிமிஷம். அம்மா வாசலிலிருந்து, “கெளம்புற நேரத்துல இன்னா அறுத்துக்கினு இருக்கறீங்க? ராகு காலம் வந்துரும்” என்று கத்தினார். அப்பா வெளியே வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

தருமபுரி, அரூர் என்று வெயிலில் போனோம். நாங்கள் போய்ச் சேரும்போதே மூன்று மணிக்கு மேல். ஆசாரி வீட்டில் வாசல் தெளித்து, தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் பத்து பேர் வந்திருந்தார்கள். ஆசாரியின் பெரியப்பா ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கடிகாரம் கட்டியிருந்தும் எல்லாரிடமும் மணி கேட்டுக்கொண்டிருந்தார்.

மிஷினை இறக்கி, மட்டம் பார்த்து, மோட்டாரை உட்காரவைக்கவே மூன்றே முக்கால் ஆகிவிட்டது. அப்பா குனிந்தபடியே கையைப் பின்னால் நீட்டினார்.

“கீ குடு கண்ணு.”

டப்பாவைத் திறந்து தேடுவது போலத் தேடினேன். “காணோம்ப்பா.”

மாமா டப்பாவைப் பிடுங்கி ஒரு சாக்கின் மீது கவிழ்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். லாரியில் ஏறிப் பார்த்தார், மோட்டாருக்கு அடியில் பார்த்தார். ஆசாரியின் தம்பி, சின்னவயசுக்காரர், சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “பழைய மிஷினு வாங்கினா இதாங்க. ஒண்ணு இருந்தா ஒண்ணு இருக்காது.”

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்க மச்சான் குடுத்த மிஷினுல ஒரு வாஷர் கொறஞ்சுதுன்னு காட்டுங்க பாப்போம்” என்றார்.

“இப்ப கொறஞ்சிதான கெடக்குது” என்றார் தம்பி.

நியாயம்தான். மாமா என் பக்கம் திரும்பினார். “டப்பா யாருகிட்ட இருந்திச்சி?”

அப்பா நிமிராமலே சொன்னார்: “புள்ளைய ஏன்டா கேக்கற. நான்தான் சரியாப் பாக்காம ஏத்திட்டேன்.” பிறகு, “தேடாத. அங்க இருக்காது” என்றார்.

“மணி என்னாச்சு?” என்றார் பெரியப்பா. நாலு அடித்துவிட்டது என்றார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “மொதக் காரியமே தடங்கலு. ஏத்திக்கினு போவச் சொல்லுப்பா. ஆவாது.”

ஆசாரி மிஷினைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். வந்திருந்த பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். லட்சுமி வேலை செய்கிறாள். மிஷின் திரும்பி வரப்போகிறது. சந்தனக் கலர் மாறாமல் கொட்டகையில் நிற்கும், அப்பா ஒரே இடத்தில் நின்று கதவு செய்வார். சூசையப்பரே, சீக்கிரம் சொல்லவையும் என்று வேண்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா மெதுவாக நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பத்துப் பேருக்கும் நடுவில் சொன்னார்: “தப்பு என்மேலதாங்க. டப்பாவப் பாக்காம கெளம்பினது நானு. மிஷினு மேல தப்பு இல்ல. எனக்குப் பதினஞ்சு நிமிஷம் குடுங்க.”

அப்பா ஒருவரிடம் தப்பு என்மேல் என்று சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என் துள்ளல் எங்கேயோ போய்விட்டது. ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சாக்கில் கொட்டிக் கிடந்த நட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

அப்பா சட்டைப் பையில் கையை விட்டு ஒரு சதுர எஃகுத் துண்டை எடுத்தார். கீ அளவுதான், கொஞ்சம் தடிமனாக இருந்தது. ஆசாரியிடம் அரமும், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸும் கேட்டு வாங்கினார். வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்து, துண்டை வைஸில் பிடித்து, ராவ ஆரம்பித்தார். ராவுவார், எடுத்துப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பார், மறுபடி உட்கார்ந்து ராவுவார். ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் மாமா கை கொடுத்துத் தூக்கினார். நெற்றி வியர்வை இரும்புத்தூளில் சொட்டியது. அரத்தின் சத்தமும், இடையிடையே பெரியப்பா மணி கேட்கும் சத்தமும்தான்.

நாலு இருபதுக்குக் கீ உள்ளே இறங்கியது. சுத்தியலால் இரண்டு தட்டு. பெல்ட்டை மாட்டினார்கள், ஜெனரேட்டரை இழுத்தார்கள். மிஷின் எடுத்த எடுப்பிலேயே ஒரே சீராக ஓடியது. அப்பா ஒரு ரூபாய்க் காசை எடுத்து மேசையில் நிறுத்தினார். பத்துப் பேரும் கழுத்தை நீட்டிக் காசைப் பார்த்தார்கள். காசு நின்றது. அப்பா மட்டும் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆசாரி ஒரு வேம்புப் பலகையைத் தள்ளி இழைத்தார். தடவிப் பார்த்து, தன் தம்பியிடம் நீட்டினார். தம்பி தடவிப் பார்த்துவிட்டு அடுத்த பலகையை எடுத்துவந்தார். பெரியப்பா சூடம் ஏற்றச் சொன்னார். கிளம்பும்போது ஆசாரியின் மனைவி ஒரு பை நிறையப் புளி கொடுத்தார். “பாப்பா பயந்துட்டா பாவம்” என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

திரும்பும் வழியில் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். அரூரில் லாரியை நிறுத்தச் சொல்லி, “பசிக்குதா?” என்று கேட்டார். இட்லி வாங்கிக் கொடுத்தார். தான் டீ மட்டும் குடித்தார். அப்புறம் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பிள்ளைதான் அப்பா மேல் சாய்ந்து தூங்கும். அன்று மாறிப்போனது. அந்தத் தலை அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அம்மா கம்பெனிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. விரல்கள் மெல்ல ஆறத் தொடங்கின. நான் யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்பட்டேன். கீ வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். மிஷின் விற்றதால்தான் அம்மா வீட்டில் இருக்கிறார் என்று எனக்குப் படவே இல்லை.

தீர்த்தமலைக் கதை அரூர்ச் சந்தை வழியாகச் சுற்றி எங்கள் ஊருக்கே வந்தது. அதன் பிறகு கொஞ்ச காலம் மிஷின் வாங்க வருகிறவர்கள் எல்லாரும், “டப்பாவத் தெறந்து காட்டுங்க, ஒருக்கா பாத்துக்கறோம்” என்று கேட்டார்கள். அப்பா திறந்து காட்டுவார். அவர்கள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். “அப்பிடி எங்கதான் மச்சான் போயிருக்கும் அது?” என்று மாமா மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். “வயசாவுதில்ல, மறதி” என்பார் அப்பா. ‘நம்முது’ என்று அதற்குப் பிறகு அவர் எந்த மிஷினையும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பச்சைதான்.

இப்போது அவர் மிஷின் தூக்குவதில்லை. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொட்டகையை மாமாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். போன மாதம் ஒரு மோட்டாருக்குக் கீ செய்யவேண்டியிருந்தது. அப்பா செய்தது போலவே நீளமான எஃகுக் கம்பியிலிருந்து ஒரு துண்டை அறுத்தேன். கிரீச் கிரீச்சென்று ஐந்து நிமிஷம் ஆனது. அறுத்த இடம் வெள்ளி மாதிரி மின்னியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தீர்த்தமலையில் அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்த துண்டின் இரண்டு முனையும் இப்படித்தான் மின்னின. பூசைக்குப் போட்டுப்போன சட்டை அது, அதில் இரும்புத் துண்டு முன்பே கிடந்திருக்காது. வேப்பமரத்துக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் நின்று தலை வாரினால் கொட்டகை வாசலும் உள்ளே சூசையப்பர் படமும் முழுதாகத் தெரியும். நானே எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கீ சூசையப்பர் படத்துக்குப் பின்னாலேயே இருந்தது. நான் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை, பயம் தெளிந்த நாட்களில், முக்காலி போட்டு ஏறி எடுத்துப் பார்ப்பேன். தகரக் கூரை ஒழுகுகிற கொட்டகை அது. ஒரு மழைக்கு வெளியே வைத்த ஸ்பேனர் மறுநாள் சிவந்துபோகும். இந்தத் துண்டில் மட்டும் துரு ஏறியதே இல்லை. எப்போது தொட்டாலும், அப்பா பேரிங்குக்கு விடுகிற எண்ணெய் விரலில் லேசாக ஒட்டும்.

லட்சுமி உள்ளே இருந்தால் இரும்பு வியர்க்கும் போல என்று நினைத்துக்கொண்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.